கடலுக்கு ஏது மூலை?

தனம் அக்காவின் கைக்குழந்தை அன்றைக்கு வீறிட்டு அழாமல் இருந்திருந்தால், இந்த இதழுக்கு இந்த வாரம் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

பங்குனி மாத மத்தியானம். எங்கள் உப்பளத்தில் வேலை முடித்து வந்த தனம் அக்கா எங்கள் வீட்டுக் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மடியில் பிள்ளை. நான் டி.வி.க்கு எதிரே பாயில் குப்புறப் படுத்து, ஊரையே கலக்கிக்கொண்டிருந்த ஒரு சி.டி.யைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று.

உலகம் அழியும் சி.டி. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு இடி. இடிக்கு நடுவில் கட்டைக் குரலில் ஒருவர், “மானிடா... உன் காலம் முடிகிறது” என்பார். அந்த “மானிடா”வுக்குத்தான் பிள்ளை மிரண்டது.

“அடியே சுமதி, அந்த எழவ நிறுத்துடி! புள்ளைக்கு ஜன்னி வந்துடப் போவுது.”

“படம் பாக்கணும்க்கா.”

“படத்தப் பாரு. சத்தத்த நிறுத்து.”

ரிமோட்டில் சத்தத்தை அடைக்கும் பொத்தானை அழுத்தினேன். இடி நின்றது. மானிடா நின்றது. திரையில் மட்டும் படம் ஓடிக்கொண்டிருந்தது. வானத்திலிருந்து எடுத்த படம். ரத்தச் சிவப்பாக ஒரு கடல். ஊரில் எல்லாரும் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்ட அதே கடல்.

சத்தம் இல்லாமல் பார்த்தபோது அது கடலாகவே இல்லை.

எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனேன். சிவப்புக்கு ஓரத்தில் நேராக ஒரு கோடு. அந்தக் கோடு போய் இன்னொரு கோட்டில் முட்டியது. முட்டிய இடத்துக்குப் பக்கத்தில், வரிசையாக, வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

எனக்குக் குபீரென்று வந்தது. சிரிப்பு என்றுதான் நினைத்தேன். இல்லை. அவ்வளவும் கோபம்.

## மாயன் சார்

முதலில் அந்த சி.டி. எங்கள் ஊருக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மாசிக் கடைசியில் ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று மரக்காணத்துச் சாலையில் மெதுவாகப் போனது. “அண்டவியல் ஆய்வாளர்” ஒருவர் வருகிறார் என்று நோட்டீஸ் பறந்தது. அந்தப் பட்டம் யார் வாயிலும் நுழையவில்லை. அவர் வாயைத் திறந்தால் மாயன், மாயன் என்றே பேசியதால், மாயன் சார் ஆகிவிட்டார்.

வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் ஒன்றும் இல்லை, கையில் சிவப்புப் புள்ளி அடிக்கும் ஒரு லேசர் லைட். சாமியார் வேஷத்தில் வந்திருந்தால் பாதிப் பேர் அன்றைக்கே சிரித்து விரட்டியிருப்பார்கள். அவர் வாத்தியார் மாதிரி வந்தார். எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

மகளிர் சுயஉதவிக் குழுக் கட்டடத்தில் டி.வி. வைத்துப் படம் போட்டார். கடல் தாண்டி ஒரு தேசத்தில் மாயன் என்று ஒரு பழைய ஜனம் இருந்ததாம். அவர்களுடைய காலண்டர் 2012இல் முடிந்துவிடுகிறதாம். அதற்குப் பிறகு நாளே கிடையாதாம். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பங்குனி அமாவாசையன்று எங்கோ வெளிநாட்டில் கிரகணம், கிரகங்கள் எல்லாம் ஒரே வரிசை, அன்றைக்கே கடல் ஒருமுறை எழும்.

“மார்கழிப் பௌர்ணமியில வந்தது முன்னோட்டம். இப்ப வரப்போறது எச்சரிக்கை. 2012 முடிவு,” என்றார்.

மார்கழிப் பௌர்ணமி என்று அவர் சொன்னதும் பெண்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை எங்கள் கரையில் என்ன நடந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுனாமி என்ற சொல்லையே அன்றைக்குத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். அது பௌர்ணமி நாள் என்பது நிஜம். ஒரு நிஜத்தை முன்னால் வைத்து, அதன் முதுகில் ஒன்பது பொய்களை ஏற்றி அனுப்பினார் மாயன் சார்.

பரிகாரம்? அமாவாசைக்கு முந்தின நாளே பெருமுக்கல் மலைமேல் ஏறிவிட வேண்டும். மூன்று நாள் கீழே இறங்கக் கூடாது. கழுத்தில் செப்புத் தகடு கட்டிக்கொள்ள வேண்டும். தகடு அவரிடமே கிடைக்கும். அது இல்லாமல் இருக்குமா?

நான் எழுந்து நின்றேன். எனக்கு உட்கார்ந்து கேட்கிற பழக்கம் கொஞ்சம் குறைவு.

“சார், கிரகம் வரிசையா நின்னா கடல் எப்படி சார் ஏறும்?”

“நீ படிக்கிற பொண்ணாம்மா?”

“திண்டிவனத்துல பி.எஸ்சி. பிசிக்ஸ், ரெண்டாவது வருஷம்.”

“நல்லது. பிசிக்ஸ் முடியற எடத்துல இது ஆரம்பிக்குது. அமாவாசைக்கு ஓடையில தண்ணி ஏறுதா இல்லியா, நீயே சொல்லு.”

பின்னாலிருந்து தனம் அக்கா, “அமாவாசைக்குத் தண்ணி ஏறும்னு உப்பளத்துக்காரிக்குப் பாடம் எடுக்க வேன் வெச்சிக்கினு வந்துட்டாருடி,” என்று முணுமுணுத்தாள். நாலு பேர் சிரித்தார்கள். அவர் முகம் மாறியது. லேசர் லைட்டை அணைத்தார்.

“நீ யாரையாவது கடலுக்குப் பறிகுடுத்தியாம்மா?”

நான் மெதுவாக உட்கார்ந்தேன்.

“பறிகுடுத்தவங்க இங்க இருக்காங்க. அவங்களக் கேளு.”

அறையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும், சுவரோரம் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அக்காவைத்தான் அந்த வார்த்தை போய்த் தொட்டது என்று. மீனவக் குப்பத்துக்காரி. அவளுடைய மூத்த பெண் ஜான்சி அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரவில்லை. படகும் போய், அதன்பிறகு ஸ்டெல்லா அக்கா எங்கள் அளத்துக்கு வேலைக்கு வந்தாள்.

ஒருவருடைய இழவை எடுத்து இன்னொருவர் வாயை அடைக்கப் பயன்படுத்துகிற ஆளை நான் முதல்முறையாக அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

## மிதித்த கால்கள்

இவர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், உனக்கு என்ன போயிற்று என்று கேட்கலாம். போகவிருந்தது எங்கள் அளம்.

அப்பா குத்தகைக்கு எடுத்திருக்கும் உப்புப் பாத்திகளில் சுனாமி வண்டலைக் கொட்டிவிட்டுப் போனது. போன வருஷம் முழுக்கச் சேறு வாரினோம், உப்பு வாரவில்லை. இந்த வருஷமும் விளையாவிட்டால் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவதாக உரிமையாளர் பொங்கலுக்கே சொல்லியிருந்தார்.

தை மாதம் பாத்தி மிதித்தார்கள். மிதிப்பது என்றால், களிமண்ணும் மணலும் கலந்த பாத்தித் தரையைப் பெண்கள் வரிசையாகக் கைகோத்துக்கொண்டு, காலால் தட்டித் தட்டி இறுக்குவது. ஆணி அடித்தாலும் இறங்காத அளவுக்கு இறுக வேண்டும். அப்போதுதான் உப்பு மண் ஒட்டாமல் வெள்ளையாக வரும். அம்மா, தனம் அக்கா, ஸ்டெல்லா அக்கா இன்னும் சிலர். வெடித்த குதிகாலில் உப்பு நீர் பட்டால் எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்ல முடியாது. லீவு நாளில் நானும் மிதித்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

பங்குனி பிறந்ததும் தண்ணீர் சிவந்தது. உப்பு விளையும் முன் பாத்தித் தண்ணீர் செங்கல் நிறத்துக்கு வரும். கெட்டியான உப்பு நீரில் மட்டும் பிழைக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செய்கிற வேலை அது. அதைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு முகம் மலர்ந்துவிடும். அமாவாசையை ஒட்டி முதல் உப்பு வாரலாம் என்று அப்பா கணக்குப் போட்டார்.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்தி மிதித்த கால்கள் எல்லாம் முதல் வாருதலுக்கு வந்து நிற்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் உப்பு வாரும் பலகையை இறக்க மாட்டார்கள். உடம்பு சரியில்லை என்றால் கூட்டிவந்து வரப்பில் உட்கார வைத்து, பலகைக் கட்டையில் கை வைக்கச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். அதன்பிறகு யார் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

மூடநம்பிக்கையைப் பற்றிக் குதிக்கிற நீ இதை மட்டும் ஏன் விட்டாய் என்று யாராவது கடிதம் போடுவீர்கள். போன வாரக் கட்டுரைக்கே அப்படித்தான் வந்தது. இப்போதே பதில் சொல்கிறேன்: இந்த வழக்கம் யாரையும் பயமுறுத்துவதில்லை. பாடுபட்ட ஆளை மறந்துவிடாதே என்று சொல்கிறது, அவ்வளவுதான். தகடு விற்பதில்லை.

ஆனால் அந்த வழக்கமே கழுத்தை இறுக்கியது. அமாவாசைக்கு மலையேறுகிறேன் என்று முதலில் சொன்னது ஸ்டெல்லா அக்கா. அவள் சொன்னதும் இன்னும் இரண்டு மூன்று பேர். என் அம்மா உட்பட.

விளைந்த உப்பை அந்தந்த நேரத்தில் வாராமல் விட்டால் அது பாறையாக இறுகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வாரினால் மிதித்த தரையே பெயர்ந்துகொண்டு வரும். மறுபடி மிதிக்க வேண்டும். அதற்குள் வெயில் காலம் பாதி போய்விடும், குத்தகையும் போய்விடும்.

“இழுத்தாந்து வேலைக்கு நிறுத்தலாம்பா,” என்று அப்பாவிடம் கத்தினேன்.

அப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, “பயந்தவ கையப் புடிச்சி இழுத்தா அவ பயம் போயிடுமா? உங்க அம்மாவையே என்னால நிறுத்த முடியல,” என்றார்.

## பூசணிக்காய்ச் சூரியன்

நான் நிறுத்துகிறேன் என்று கிளம்பினேன். மூன்று நாள் கல்லூரிக்குப் போகவில்லை.

ஆரோவில்லில் தோட்ட வேலை செய்யும் மாமாவைப் பிடித்து, அங்கிருந்த நூலகத்திலிருந்து மாயன்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை வரவழைத்தேன். பாண்டிச்சேரியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கண் எரியப் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் ஏறியது. அந்த ஜனம் உலகம் அழியும் என்று கணக்குப் போடவே இல்லை. நாட்களைப் பெரிய பெரிய சுற்றுகளாக எண்ணியிருக்கிறார்கள். ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று. அவ்வளவுதான் விஷயம்.

இது நமக்குப் புரியாத கணக்கா? நம் வருஷங்களும் அறுபது பெயரில் சுற்றுகின்றன. கடைசி வருஷமான அட்சயவோடு பட்டியல் முடிகிறது. மறுநாள் என்ன, பிரளயமா வந்தது? பிரபவ பிறந்தது. போன தடவை அது பிறந்தபோது எனக்குப் பால்பல்கூட முளைக்கவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு வடை சுட்டிருப்பார்கள், அவ்வளவுதான். கடையில் கொடுக்கிற நாள் கிழிக்கும் காலண்டர் மார்கழியில் தீர்ந்துபோகிறது. அதற்காக யாரும் மலையேறுவதில்லை. வேறு காலண்டர் கேட்டு மளிகைக் கடைக்குப் போகிறோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதே மாயன் சமாச்சாரத்தை ஒரு வார இதழ் “அதிர்ச்சித் தகவல்” என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தது. (இந்த இதழ் இல்லை. ஆசிரியர் பதற வேண்டாம்.) அந்தப் பக்கத்தைக் கிழித்து மாயன் சார் தன் வேனில் ஒட்டியிருந்தார். பக்கம் நிரப்ப யாரோ ஒருவர் டீ குடித்துக்கொண்டே எழுதியது, எங்கள் ஊரில் ஆதாரமாகிவிட்டது.

என் முதல் பிரசங்கம் அளத்து வரப்பில் நடந்தது. வேலை முடிந்து கஞ்சி குடிக்கிற நேரம். சூரியனுக்கு ஒரு பூசணிக்காய், பூமிக்கு ஒரு கடுகு, வியாழனுக்குச் சுண்டைக்காய். பூசணியை இங்கே வைத்துவிட்டு, சுண்டைக்காயை எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தேன், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்ட. கத்தினால்தான் கேட்கும் என்ற தூரம் வந்ததும் நின்று கத்தினேன்:

“இவ்ளோ தூரத்துலேருந்து இது நம்ம கடல ஒரு தலமுடி அளவுகூடத் தூக்க முடியாது! அலை ஏத்தறது நிலாவும் சூரியனும்தான்! அதுவும் ஓடையில ஏறுற அளவுக்குத்தான்! சுனாமி வந்தது தரைக்கு அடியில, கடலுக்குள்ள பாறை ஒடைஞ்சி! நிலாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல!”

காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அங்கிருந்து தனம் அக்காவின் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

“இன்னாடி சொல்றே? சுண்டக்காய் வத்தக்கொழம்புக்கா?”

திரும்பி நடந்து வந்தேன். இன்னொரு முறை சொன்னேன். கிரகங்கள் வரிசையில் இல்லவே இல்லை என்றும் சொன்னேன். “நீங்க வேலைக்கு வர்றப்ப கெழக்கே விடிவெள்ளி நிக்குது. பொழுது போனா செவ்வாய் மேக்கால நிக்குது. சனி அந்நேரம் உச்சியில. இது இன்னா வரிசை?”

“கலைஞ்சிபோன வரிசை,” என்றாள் தனம் அக்கா. “ரேஷன் கடையில மண்ணெண்ண வந்தா நிப்பமே, அது மாதிரி.”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தாள். ஆனால் சிரித்துவிட்டு, “எல்லாம் சரி சுமதி. அந்தக் கடல் செவப்பா இருந்திச்சே, அத எங்கண்ணால பாத்தேனே,” என்றாள்.

அங்கேதான் போய் முட்டியது. எத்தனை சுண்டைக்காய் கொண்டுவந்தாலும் அந்த ஒரு படத்தை என்னால் நகர்த்த முடியவில்லை. வாயால் சொன்னது வாயோடு போனது. கண்ணால் பார்த்தது உள்ளே உட்கார்ந்துவிட்டது.

அதனால்தான் அந்த சி.டி.யைக் கேட்டு வாங்கிவந்து, பாயில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

## சத்தமில்லாத படம்

மறுநாள், அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு, அதே சுயஉதவிக் குழுக் கட்டடம். அதே டி.வி. வேலை முடிந்து வந்தவர்கள் கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்தார்கள்.

“மறுபடியும் பூசணிக்காயா?” என்று கேட்டாள் தனம் அக்கா. முதல் நாள் என் வீட்டில் நான் கண்டுபிடித்ததை அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள், படம் போடுகிற சுவாரஸ்யம் போய்விடும்.

“பேச மாட்டேன்க்கா. படம் போடறேன். சத்தம் இருக்காது.”

“உன் சத்தமுமா? அப்ப சரி.”

ஊமைப் படம் ஓடியது. எரிமலை வந்தது, இடி இல்லாத எரிமலை ஏதோ அடுப்பு பொங்குவது போல இருந்தது. கட்டடங்கள் சரிந்தன. ஒரு கிழவி, “இது சினிமாவுல வந்தது மாதிரி இருக்கே,” என்றாள். பிறகு அந்தச் சிவப்புக் கடல். அப்படியே நிறுத்திவைத்தேன்.

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். உப்பளத்துக்காரர்கள் அளத்தை வரப்பிலிருந்துதான் பார்த்திருக்கிறார்கள். விமானத்திலிருந்து யார் பார்த்தார்கள்? அதற்கு மேல் இடியும் மானிடாவும் சேர்ந்தால், தங்கள் பாத்தித் தண்ணீரைக் கண்டு தாங்களே பயப்படுவார்கள். பயந்தார்கள்.

முதலில் முன்னால் நகர்ந்தது என் அம்மா. முட்டி போட்டபடியே திரைக்குக் கிட்டே போய், விரலை வைத்தாள்.

“ஏய், இன்னாடி இது... கோடு?”

“எங்க?”

“இதோ. இது இதுல வந்து முட்டுது பாரு.”

தனம் அக்கா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“கடலுக்கு ஏதுடி மூலை?”

அவ்வளவுதான். அறையே டி.வி. மேல் சாய்ந்தது.

“வரப்புடி இது!”

“தோ, மடை. தண்ணி வுடற மடை!”

“வெள்ள வெள்ளயா இருக்குது பாரு, அது அம்பாரம். உப்பக் குமிச்சி வெச்சிருக்கான்.”

“எந்த ஊரு அளமோ, எவ்ளோ பெருசு!”

“இன்னும் ரெண்டு நாள்ல வாரணும் இத. வுட்டா கெட்டியாயிடும்.”

“அட நாசமாப் போறவனே,” என்றாள் என் அம்மா, திரையைப் பார்த்து, மிகவும் நிதானமாக. “என் தண்ணியக் காட்டியே என்ன பயமுறுத்திட்டியேடா.”

தனம் அக்கா கழுத்திலிருந்த செப்புத் தகட்டைப் பிடித்து இழுத்தாள். எப்போது வாங்கினாள் என்று எனக்கே தெரியாது. “நீயுமாக்கா?” என்றேன். “புள்ளைக்கு,” என்றாள். பிறகு, “இல்லடி, எனக்குத்தான்,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கை தட்டிக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் ஸ்டெல்லா அக்கா எழுந்து நிற்கும் வரைதான்.

## ஸ்டெல்லா அக்கா கேட்டது

அவள் திரைக்குக் கிட்டே வரவே இல்லை. இருந்த இடத்திலேயே எழுந்து, புடவையை உதறிக்கொண்டாள்.

“அந்தாளு பொய்யன்னு எனக்கும் தெரியுது சுமதி. கண்ணு இருக்குது எனக்கு.”

“அப்புறம் ஏன்க்கா மலைக்கு...”

“அவன் ஒரு தேதி குடுத்தான். அந்த நாளு தாண்டிட்டா வூட்ல படுத்துத் தூங்கலாம்னு இருந்தேன். நீ வந்து தேதியே இல்லன்றே. அப்ப நான் என்னிக்குத் தூங்கறது?”

பூமிக்கு அடியில் பாறை எப்போது உடையும் என்று நாள் குறிக்க இன்றைக்கு உலகத்தில் ஒருவராலும் முடியாது. மாயன் சாருக்குத் தெரியாது, எங்கள் புரொபசருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்கிறவரை யாரும் வேன் வைத்து அழைத்து வருவதில்லை.

“தேதி யாராலயும் சொல்ல முடியாதுக்கா,” என்றேன். “வந்தா இன்னா பண்ணணும்னு சொல்லலாம்.”

“சொல்லு.”

“பூமி ஆடினாலோ, கடல் திடீர்னு உள்ள போனாலோ, நின்னு வேடிக்க பாக்கக் கூடாது. அந்த நிமிஷமே மேட்டுக்கு ஓடிடணும். சில சமயம் எதுவும் காட்டாமலே வரும். அப்பவும் யாராவது கத்தினா ஓடணும், என்னன்னு கேக்கக் கூடாது.”

ஸ்டெல்லா அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“எங்க ஜான்சி கடல் உள்ள போச்சின்னு பாக்கத்தாம்மா போனா. தரையெல்லாம் தெரியுதும்மா, சங்கு கெடக்குதும்மான்னு சொல்லிட்டு ஓடினா.” அவள் குரல் உயரவே இல்லை. “இந்த ஒரு வார்த்தைய அப்பவே யாரும் சொல்லலியே.”

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இந்த ஒரு வரிக்காகத்தான். எனக்கு மாயன் சார் மீது இருந்த கோபம் அன்றைக்கு இடம் மாறியது. அவர் ஒரு தகடு வியாபாரி. ஆனால் எத்தனை வருஷமாக எத்தனை பக்கங்கள்! கிரகப் பெயர்ச்சிக்குத் தனி மலர். உலகம் அழியும் செய்திக்குப் பெட்டி. கடலோரத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த என் புத்தகத்திலும் சூரியனுக்கும் பூமிக்கும் எவ்வளவு தூரம் என்று இருந்தது. கடல் உள்வாங்கினால் ஓடு என்று இல்லை. அந்தத் தூரத்தை ஒப்பித்து நான் நூற்றுக்கு நூறு வாங்கினேன். ஒரு சிறுமி சங்கு பொறுக்கப் போனாள்.

“ஓடணும்னா எங்க ஓடறது?” என்றாள் ஸ்டெல்லா அக்கா.

“மெயின் ரோட்டுப் பக்கம். அங்க மேடு.”

“குப்பத்துலேருந்து அங்க போவ எவ்ளோ நேரம் ஆவும்? சின்னவனத் தூக்கிக்கினு? மாமியாருக்கு முட்டி வலி, கையப் புடிச்சிக்கினுதான் நடக்கும்.”

“தெரியலக்கா.”

“தெரியலயா?”

“ஓடிப் பாத்தாத்தான் தெரியும்.”

“அப்ப ஓடிப் பாரு. எங்கூட.” அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். “மலைக்குப் போவல நான். உப்ப வாரிட்டு வர்றேன். அப்புறம் நீ சொன்னத செய்யணும். சும்மா பேசிட்டுப் போவக் கூடாது, அந்தாளு மாதிரி.”

## முதல் உப்பு

அமாவாசையன்று காலை எல்லாக் கால்களும் வரப்பில் நின்றன. அப்பா சூடம் கொளுத்தினார். ஸ்டெல்லா அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். வாரும் பலகையின் நீளக் கட்டையில் ஒவ்வொருவராகக் கை வைத்தார்கள். சிவந்த தண்ணீருக்கு அடியில் பலகை உரசியது, வறுத்த ரவையைக் கரண்டியால் இழுக்கிற சத்தம். மேலே வந்த உப்பு வெள்ளை. மண் ஒட்டவில்லை. அப்பா ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓடையில் தண்ணீர் அமாவாசைக்கு ஏறுகிற அளவு ஏறியது. பிறகு இறங்கியது. மலைக்குப் போன சிலர் மூன்றாம் நாள் முகம் கறுத்துத் திரும்பினார்கள். “நாங்க மலையேறினதாலதான் கடல் அடங்கிச்சி,” என்றார் ஒருவர். மாயன் சாரின் வேன் கடலூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அங்கே யாராவது படத்தின் சத்தத்தை நிறுத்திப் பாருங்கள்.

ஆனால் எனக்கு இப்போது அவரைத் துரத்த நேரமில்லை.

குப்பத்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் வழியை ஸ்டெல்லா அக்காவும் நானும் போய்ப் பார்த்துவிட்டோம். சவுக்குத் தோப்புக்கு முள்கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். சுற்றிக்கொண்டு போனால் ஓடை குறுக்கே வருகிறது. அதன்மேல் ஒற்றைப் பனைமரம் கிடக்கிறது. ஒரு ஆள் நிதானமாகக் கடக்கலாம். முட்டி வலிக்காரி எப்படிக் கடப்பாள்? வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு திட்டி வாசல் விடச் சொல்லித் தோப்புக்காரரிடம் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் யோசிக்கும்வரை கடலும் காத்திருக்க வேண்டும் போல.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து எல்லாரும் வெளியே வருகிற நேரத்தில் ஓடிப் பார்க்கப் போகிறோம். ஸ்டெல்லா அக்கா சின்னவனைத் தூக்கிக்கொள்வாள். அவள் மாமியார் என் பொறுப்பு.

தனம் அக்காவும் வருகிறேன் என்கிறாள். ஆனால் ஓட மாட்டாளாம்.

“பட்டப்பகல்ல ஒண்ணும் இல்லாம ஓடினா ஜனம் சிரிக்கும்டி.”

“அலை வந்தா?”

“அப்ப ஓடுவேன்.”

“அப்ப உனக்கு வழி தெரியாதேக்கா.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, புடவைய ஏத்திக் கட்டிக்கறேன்,” என்றாள்.

எல்லாரும் செருப்பில்லாமல் ஓட வேண்டும் என்று ஸ்டெல்லா அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அலை வந்த அன்றைக்கு யாருக்கும் செருப்பு தேட நேரம் இருக்கவில்லையாம்.